ஹீற்றர் சொருகிய பிளக் பொயின்றைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி பிறந்ததும் கொழும்புக் குடும்பங்கள் நுவரெலியாவுக்கும் ஹற்றனுக்கும் பண்டாரவளைக்கும் புறப்பட்டுவிடும். சித்திரை விடுமுறையிலும் அப்படித்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். தை, மாசி அதிகாலைகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. வெயிலுக்குப் பழகிய பிள்ளைகள் இரவில் நடுங்கத் தொடங்கியதும் பங்களாக்காரரிடம் ஹீற்றர் கேட்போம். அல்லது புறக்கோட்டையில் ஒன்றை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு போவோம். போன இடத்தில் அதை எங்கே சொருகுகிறோம் என்பதைப் பற்றித்தான் இக்கடிதம்.

கொழும்பில் ஹீற்றருக்கு வேலையில்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2021 இறுதியில் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்த பீதியும், 2022 இல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவமும் சேர்ந்து, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் எத்தனையோ சமையலறைகளுக்குள் ஹொட் பிளேற்றையும் இன்டக்ஷன் அடுப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டன. மின்சாரத்தின் கண்ணுக்கு ஹொட் பிளேற்றும் ஹீற்றரும் ஒரே சாதிதான். இரண்டும் 1,500, 2,000 வாற்ஸ் இழுப்பவை. இரண்டும் நேரக்கணக்கில் எரிபவை. ஆகவே கீழே ஹீற்றர் என்று எழுதும் இடமெல்லாம் உங்கள் வீட்டு அடுப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

ஹீற்றரால் தீப்பிடித்தது என்றால், திரைச்சீலையில் சூடு பட்டிருக்கும், இல்லாவிட்டால் ஹீற்றர் பழுதாக இருந்திருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும். ஆனால் ஹீற்றர் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதைச் சொருகிய பிளக் பொயின்ற் சுவருக்குள் கருகத் தொடங்குவது அடிக்கடி நடப்பது. அதை ஒருவரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் பிளக் பொயின்ற் கட்டிலுக்குப் பின்னாலோ அலுமாரிக்குப் பின்னாலோ இருக்கிறது. எல்லோருடைய கண்ணும் சிவந்து எரியும் கம்பியிலேயே இருக்கிறது.

ஏன் கருகுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற். 2,000 வாற்ஸ் ஹீற்றர் இழுப்பது 8.7 அம்பியர். பிளக்கின் கால்களும் பேஸின் (சுவரில் பிளக்கைச் சொருகுகிற துளைப்பெட்டியின்) உள்ளே இருக்கிற பித்தளைக் கவ்வியும் இறுக்கமாகப் பிடித்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை இல்லையென்றே சொல்லலாம். கவ்வி தளர்ந்து, அல்லது மேலே களிம்பேறி, அந்தத் தொடுபுள்ளியில் அரை ஓம் மின்தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கிற வெப்பம் கிடைக்கும்: ஏறத்தாழ 38 வாற்ஸ். ரேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்கப் பிடிக்கிற சூட்டுக்கோல் 40 வாற்ஸ்தான். அப்படியொரு சூட்டுக்கோலைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, சுவரில் புதைத்து, விடிய விடிய எரியவிட்டிருக்கிறோம்.

இதே தளர்ந்த பொயின்றில் 10 வாற்ஸ் போன் சார்ஜரைச் சொருகினால் அது இழுப்பது 0.1 அம்பியருக்கும் குறைவு. தொடுபுள்ளியில் நூறில் ஒரு வாற்ஸ் வெப்பம்கூட வராது. அதனால்தான் ஒரு பழுதான பொயின்ற் பத்து வருடம் சார்ஜருக்கும் மேசை விளக்குக்கும் நல்ல பிள்ளையாக வேலை செய்துவிட்டு, ஹீற்றர் வந்த முதல் இரவிலேயே உருகுகிறது. “இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகவில்லையே” என்ற பேச்சுக்கு இங்கே பெறுமதி இல்லை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு.

நேரமும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. மின்கேத்தல் 2,200 வாற்ஸ் இழுத்தாலும் நாலைந்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பொயின்ற் சூடேறுவதற்குள் வேலை முடிந்து ஆறத் தொடங்கிவிடுகிறது. அயனும் விட்டுவிட்டுத்தான் இழுக்கும். குளிரான ஊரில், கதவிடுக்கால் காற்று வருகிற பழைய அறையில், ஹீற்றரின் தேர்மோஸ்ரற் (சூடு போதுமானதும் தானாக நிறுத்துகிற சுவிட்ச்) கட் ஆவதே அபூர்வம். எட்டு மணி நேரம் ஒரே சுமை.

“எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, ஏதாவது நடந்தால் விழுந்துவிடும்” என்று நம்பியிருப்பவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கசிவை மட்டும்: போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா, 30 மில்லி அம்பியர் அளவு நிலத்துக்கோ ஒருவர் உடம்புக்கோ போகிறதா என்று. தளர்ந்த பொயின்றில் எதுவும் கசிவதில்லை, போனது முழுவதும் திரும்பி வருகிறது. பிரேக்கர் பார்ப்பது மின்னோட்டம் அளவை மீறுகிறதா என்று. தளர்ந்த தொடுபுள்ளியால் மின்னோட்டம் கூடுவதில்லை. தடை ஒன்று புதிதாகச் சேர்ந்ததால் சற்றுக் குறையத்தான் செய்கிறது. பிளக்குக்குள் இருக்கிற 13 அம்பியர் பியூஸுக்கும் 8.7 அம்பியர் சாதாரணமான விடயம். ஆகவே மூன்று காவற்காரரும் விழித்திருந்தும் மூவருக்கும் இது தெரியாது. இன்சுலேஷன் உருகி லைனும் (மின்சாரம் வருகிற கம்பி) நியூட்ரலும் (அது திரும்புகிற கம்பி) ஒன்றையொன்று தொட்ட பிறகு, அல்லது கரியாகிப்போன பிளாஸ்ரிக் வழியாக எர்த்துக்கு (நிலத்தொடர்புக் கம்பிக்கு) கசிந்த பிறகுதான் ஏதாவது விழும். அதற்குள் தீ வந்துவிட்டிருக்கலாம்.

கவ்வி ஏன் தளர்கிறது? நம் வீடுகளில் இதற்குக் காரணமான பழக்கம் ஒன்று உண்டு. இரண்டு உருண்டைக் கால் உள்ள பிளக்கை 13 அம்பியர் சதுரப் பின் பேஸுக்குள் சொருகுவதற்காக, மேலே உள்ள எர்த் துளைக்குள் பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ விட்டு மூடியைத் திறப்போம். இதைச் செய்யாத வீடு கொழும்பில் இருக்குமோ தெரியாது. சதுரப் பின்னின் தடிப்பு 4 மி.மீ. அளவு, உள்ளே இருக்கிற கவ்வி அந்தத் தடிப்பைப் பிடிக்கவே வளைக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த அயனிலும் ஹீற்றரிலும் இருக்கிற தடித்த உருண்டைக் காலின் விட்டம் 4.8 மி.மீ. அதை அழுத்திச் சொருகும்போது கவ்வி விரிந்துவிடுகிறது. பித்தளை தகடு ஒரு எல்லைக்கு மேல் விரிந்தால் பழைய இடத்துக்குத் திரும்பாது. பிறகு அதே பேஸில் சரியான சதுரப் பின் பிளக்கைச் சொருகினாலும் அது ஆடும். உருண்டைக் காலோ தட்டையான கவ்வியில் ஒரு கோடளவுதான் தொடுகிறது. எர்த் தொடர்பு கிடையவே கிடையாது. உலோக உடம்புள்ள ஹீற்றருக்கு எர்த் இல்லாவிட்டால் தீயோடு மின்னதிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். பிளக்கை வெட்டி, எர்த் உள்ள மூன்று கம்பி வயராக இருந்தால் 13 அம்பியர் பிளக் ஒன்றை முறையாகப் பூட்டுவதுதான் வழி.

கடற்கரையோரத்தில் வேறொரு சங்கடம் உண்டு. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலைப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் உள்ள பேஸ்களைக் கழற்றிப் பார்த்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு இருக்கும். உப்புக் காற்றின் வேலை. களிம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. தொடுபுள்ளி சூடாகிறது, சூட்டில் இன்னும் களிம்பேறுகிறது, பித்தளையின் விறைப்பும் போகிறது. விறைப்புப் போனதும் பிடி தளர்ந்து மேலும் சூடாகிறது. தொடங்கிய பிறகு இது தானாக நிற்பதில்லை.

ஓடிக்கொண்டிருக்கிற ஹீற்றரின் பிளக்கை அப்படியே பிடுங்கும் பழக்கமும் கவ்வியைத் தின்னும். இழுக்கிற கணத்தில் உள்ளே தெறிக்கிற பொறி பித்தளையில் குழி விழுத்துகிறது. முதலில் ஹீற்றரின் சுவிட்சை நிறுத்தி, பிறகு சுவர்ச் சுவிட்சை நிறுத்தி, அதன்பின் பிளக்கின் உடம்பைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

இனி மல்ரி பிளக்குக்கு வருவோம். நான்கு துளை இருக்கிறது என்பதால் நான்கு அடுப்பு சொருகலாம் என்று பொருளில்லை. நான்கு துளையும் சேர்ந்து ஒரே பிளக் வழியாக, ஒரே வயர் வழியாக, ஒரே பேஸிலிருந்துதான் எடுக்கின்றன. விடுதி அறைகளிலும் அனெக்ஸ்களிலும் பார்க்கிற காட்சி இது: 2,200 வாற்ஸ் கேத்தல், 1,500 வாற்ஸ் ஹொட் பிளேற், 700 வாற்ஸ் ரைஸ் குக்கர், மூன்றும் ஒரே மல்ரி பிளக்கில். கூட்டினால் 4,400 வாற்ஸ், 19 அம்பியர். 13 அம்பியர் பியூஸ் உடனே எரிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது; 20 அம்பியர் போனாலும் நெடுநேரம் தாங்கக்கூடியதாகத்தான் அது செய்யப்படுகிறது. பின்னால் இருக்கிற 20 அம்பியர் பிரேக்கரும் விழாது. அது 22 அம்பியருக்கு ஒரு மணி நேரத்தில்கூட விழ வேண்டிய கட்டாயம் இல்லாதது. 29 அம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பது அதன் தரநியமம். 13 அம்பியருக்குச் செய்த பிளக்கும் பேஸும் இந்த இடைவெளிக்குள்தான் வேகின்றன.

மல்ரி பிளக்கின் வயர் தடிப்பைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வயரின் மேலுறையிலேயே அச்சிட்டிருக்கும். 0.75 சதுர மி.மீ. என்றால் 6 அம்பியர், 1.0 என்றால் 10, 1.25 என்றால் 13 அம்பியர். ஹீற்றர் ஓட்ட வேண்டுமென்றால் 1.25 அல்லது 1.5 வேண்டும். பெட்டியில் “13 அம்பியர், 3,000 வாற்ஸ்” என்று பெரிதாகப் போட்டு, உள்ளே 0.75 வயர் பூட்டிய சாமான்கள் நடைபாதையில் தாராளமாக விற்கின்றன. எந்தப் பிளக்கும் சொருகலாம் என்ற யுனிவர்சல் துளை உள்ளவற்றைக் கனமான சுமைக்குத் தொடவே வேண்டாம். எல்லாக் காலுக்கும் இடம் கொடுக்கப் போய், எதையும் இறுக்கிப் பிடிக்காத துளை அது. சுற்றுருளையில் சுற்றிய நீள வயர் என்றால் முழுவதையும் அவிழ்த்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடு வெளியேற வழியின்றி உட்சுற்று உருகும். அதற்காகத்தான் அதன் முகப்பில் இரண்டு அளவு எழுதியிருக்கிறார்கள், சுருட்டி இருக்கும்போது ஒன்று, அவிழ்த்த பின் ஒன்று. வயரைக் கம்பளத்துக்கு அடியிலோ கதவிடுக்கிலோ விட்டாலும் இதே கதைதான்.

இவ்வளவு சொன்னாலும் ஹீற்றருக்கு எங்கள் பதில் ஒன்றே: மல்ரி பிளக், அடப்ரர், நீட்டு வயர் எதுவும் இடையில் வேண்டாம். சுவரில் உள்ள 13 அம்பியர் பேஸில் நேரே சொருகுங்கள். இரட்டைப் பேஸ் என்றால் மறு பக்கத்தில் வேறு அடுப்போ கேத்தலோ வேண்டாம்.

மலைநாட்டுப் பழைய பங்களாக்களில் சுவரில் இருப்பதே 13 அம்பியராக இருக்காது. சின்ன உருண்டைத் துளை மூன்று உள்ள 5 அம்பியர் பேஸ்கள் இன்னும் பல இடங்களில் உண்டு. அவற்றில் 13 அம்பியர் பிளக்கைச் சொருக வெள்ளை நிற அடப்ரர் ஒன்றை அறையிலேயே வைத்திருப்பார்கள். அந்த அடப்ரர் செய்கிற வேலை, 5 அம்பியருக்கு வைத்த இடத்தில் 8.7 அம்பியரை இழுக்க வழி திறந்துவிடுவதுதான். அப்படியான அறையில் ஹீற்றர் போட வேண்டாம். இன்னொரு போர்வை கேளுங்கள், சுடுதண்ணீர்ப் பை கேளுங்கள். பெரிய உருண்டைத் துளையுள்ள 15 அம்பியர் பேஸ் இருந்து, அதற்குரிய தனி வயரும் நல்ல நிலையில் இருந்தால் சுமை தாங்கும், ஆனால் அதற்குரிய பிளக்கே பூட்டப்பட்டிருக்க வேண்டும். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுரப் பின்னையே நாட்டின் ஒரே தரமாகத் தீர்மானித்ததற்கு, இந்த அடப்ரர்க் குழப்பத்தை ஒழிப்பதும் ஒரு காரணம். தீர்மானம் வந்தும் பழைய சுவர்கள் மாறவில்லை.

பேஸ் புதிதாக இருந்தாலும் பின்னால் வருகிற வயரையும் கேட்க வேண்டும். பிளக் பொயின்ற்களுக்கு நம் எலெக்றீசியன்கள் 7/0.67 என்று சொல்கிற வயர் போக வேண்டும். ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மி.மீ., மொத்தம் 2.5 சதுர மி.மீ. மின்குமிழ்களுக்குப் போகிற 1/1.13 வயர் அதில் பாதிகூட இல்லை, 1 சதுர மி.மீ.தான். பெரிய வீட்டை மூன்றாகப் பிரித்து அனெக்ஸாக வாடகைக்கு விடும்போது, சுவர் உடைக்கிற செலவுக்குப் பயந்து, லைற் வயரிலிருந்தே ஒரு பிளக் பொயின்றை இழுத்துவிடுகிறார்கள். வாடகைக்கு வந்தவர் அடுப்பைச் சொருகியதும் 6 அம்பியர் பிரேக்கர் விழுகிறது. மறுநாள் யாரோ வந்து அதைக் கழற்றி 20 அம்பியர் பிரேக்கர் போட்டுவிட்டுப் போகிறார். பிரேக்கர் இனி விழாது. கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் அந்த மெல்லிய வயர் சூடேறிக்கொண்டே இருக்கும். பிரேக்கர் விழுவது தொல்லை அல்ல, அது சொல்கிற செய்தி. விழுகிற பிரேக்கருக்குப் பெரிய பிரேக்கர் போட்டுத் தருகிறவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று. பிளக் பொயின்ற்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாகத் தொடுக்கப்பட்டவை. படுக்கையறைக் கடைசிப் பொயின்றில் ஹீற்றர் சொருகினால், அந்த 8.7 அம்பியரும் விறாந்தைப் பொயின்றின் ஸ்குரூக்களைக் கடந்துதான் வருகிறது. அங்கே ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தால், எதுவும் சொருகாத அந்தப் பொயின்றே கருகும். ஹீற்றர் உள்ள பொயின்ற் குளிர்ந்திருக்கிறது, ஆனால் எங்கிருந்தோ எரிந்த மணம் வருகிறது என்றால் முந்திய பொயின்ற்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கனடாவில் பேஸ்மென்ற் வீடுகளில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அங்கே 120 வோல்ற் என்பதால் 1,500 வாற்ஸ் ஹீற்றரே 12.5 அம்பியர் இழுக்கும். பேஸோ பெரும்பாலும் 15 அம்பியர். போதாததற்கு, பல வீடுகளில் வயரை ஸ்குரூவில் இறுக்காமல் பின்புறத் துளையில் குத்திவிட்டிருப்பார்கள். ஹீற்றர் சுமையில் முதலில் கைவிடுவது அந்தக் குத்து இணைப்புத்தான்.

பரிசோதனைக்கு வருவோம். கருவி ஒன்றும் தேவையில்லை. ஹீற்றரை முழு வேகத்தில் போட்டு இருபது நிமிடம் கழித்து நிறுத்துங்கள். சுவர்ச் சுவிட்சையும் நிறுத்திவிட்டு, பேஸின் முகப்பை, சுவிட்சை, பிளக்கின் உடம்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். பிளக்குக்குள் பியூஸ் இருக்கிறபடியால் அந்தப் பக்கம் இளஞ்சூடாக இருப்பது வழமை. கையை ஐந்து விநாடி வைத்திருக்க முடியாத சூடென்றால் அன்றிரவு அந்தப் பொயின்றில் எதையும் போடக் கூடாது. பிறகு பிளக்கைக் கழற்றிக் கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றும் ஒரே மஞ்சள் பளபளப்பில் இருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் பழுப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால், அல்லது அடியில் பிளாஸ்ரிக் இளகி வழிந்திருந்தால், பிளக்கும் பேஸும் இரண்டுமே போய்விட்டன. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்; கருகிய கால் புதிய கவ்வியையும் கெடுக்கும், தளர்ந்த கவ்வி புதிய பிளக்கையும் கெடுக்கும்.

கழற்றும்போதே ஒரு தகவல் கிடைக்கும். நல்ல பேஸிலிருந்து பிளக்கை எடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால், சொருகிய நிலையில் பிளக் தலை தொங்கினால், அது ஹீற்றருக்கு உதவாது.

மணத்தையும் கவனியுங்கள். சூடேறிய பேஸிலிருந்து முதலில் வருவது எரிந்த மணமாக இருக்க வேண்டியதில்லை. சிலவகைப் பிளாஸ்ரிக்கிலிருந்து பழுதான மீன் நாற்றம் போல ஒன்று வரும். அயல் வீட்டுச் சமையல் என்று யன்னலைச் சாத்திவிடுகிறார்கள். ஹீற்றர் ஓடும்போது மின்குமிழ் துடிப்பது, பேஸுக்குள் “சர்… சர்” என்று எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்பது, முகப்பில் தேநீர்க் கறை போல மஞ்சள் படர்வது: இவற்றில் ஒன்று கண்டாலும் நிறுத்துங்கள்.

பேஸை மாற்றுவது எலெக்றீசியனின் வேலை. ஆனால் அவர் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் பிரேக்கரை இறக்கி, லைனிலும் நியூட்ரலிலும் ரெஸ்ரர் வைத்து மின்சாரம் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும். முகப்பின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி முன்னுக்கு இழுத்ததும் வயர்களைப் பாருங்கள். நல்ல வயரின் உறை இளகி வளையும். சூடு கண்ட வயரின் உறை விறைத்து, நகத்தால் தட்டினால் துண்டாக உடையும். உள்ளே செம்பு பளபளப்பை இழந்து கறுத்திருக்கும். அந்தக் கறுத்த முனையைப் புதிய பேஸில் அப்படியே பூட்டினால் சில மாதத்தில் பழையபடி கருகும். பளபளக்கிற செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ள வேண்டும். வயர் எட்டாவிட்டால் இழுத்துக் கட்டி முடிச்சுப் போடுவதல்ல, வயரையே மாற்றுவதுதான் முறை. எட்டு முதல் பத்து மி.மீ. வரை உறை சீவி, ஏழு இழையும் துளைக்குள் போக வேண்டும். நுழையவில்லை என்று இரண்டு இழையை நறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை விடாதீர்கள். ஸ்குரூ செம்பின் மேல் இறங்க வேண்டும், உறையின் மேல் அல்ல. இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய பேஸில் இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். இலச்சினை இருக்கட்டும். மலிவான பேஸில் கவ்வி காகிதம் போல மெல்லியது, ஸ்குரூவின் மரையும் இறுக்கும்போதே போய்விடும்.

ஹீற்றரை வைக்கும் இடம் பற்றி எல்லோரும் சொல்வதுதான்: கட்டில் விரிப்பு, திரைச்சீலை, நுளம்பு வலை எல்லாவற்றிலிருந்தும் ஒரு மீற்றர் தூரம், மேலே ஈரத் துணி போடக் கூடாது. நம் நாட்டுக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். மின்வெட்டு வந்தால் ஹீற்றரையும் ஹொட் பிளேற்றையும் உடனே நிறுத்திக் கழற்றிவிடுங்கள். திருகு சுவிட்ச் உள்ளவை, மின்சாரம் திரும்பியதும் தாமாகவே எரியத் தொடங்கும். அந்நேரம் நீங்கள் நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றிக்கொண்டிருக்கலாம், மேலே யாரோ துவாய் போட்டிருக்கலாம்.

வாடகைக்கு விடுகிறவர்களிடம், பங்களாவாக இருந்தாலும் அனெக்ஸாக இருந்தாலும், ஒன்று கேட்கிறோம். அடுப்பு, ஹீற்றர் பாவிப்பார்கள் என்று தெரிந்த அறைக்கு 7/0.67 வயரில், தனிப் பிரேக்கரோடு, 13 அம்பியர் பொயின்ற் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். அது எது என்று வாடகைக்கு வருகிறவருக்குக் காட்டுங்கள். “ஹீற்றர் பாவிக்கக் கூடாது” என்று அறிவித்தல் ஒட்டுவதால் யாரும் பாவிக்காமல் விடுவதில்லை. குளிரில் எங்கேயாவது சொருகத்தான் செய்வார்கள், அது லைற் வயரில் இழுத்த பொயின்றாக இருந்தால் எரியப்போவது உங்கள் கூரை. வெளியே ஒன்று எழுதி உள்ளே மெல்லிய வயர் பூட்டி விற்கிற மல்ரி பிளக்கைக் கண்டால் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். நான்கு பேர் முறையிட்டால்தான் கடைக்குப் போய்ப் பார்ப்பார்கள்.

பொயின்றிலிருந்து புகை வந்துவிட்டால் அந்தப் பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். உருகிய பிளாஸ்ரிக்குக்குள்ளிருந்து மின்சாரமுள்ள பித்தளை வெளியே வந்திருக்கும். அதன் சுவிட்சைத் தட்டுவதும் வேண்டாம். நேரே மெயின் சுவிட்சுக்குப் போய் இறக்குங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை வாடகை வீட்டுக்கு வந்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. காபனீரொட்சைட்டு அல்லது உலர் தூள் அணைப்பான் இருந்தால் அதைப் பாவிக்கலாம். இல்லாவிட்டால், அல்லது தீ சுவரை விட்டுத் திரைக்கோ கூரைக்கோ போய்விட்டால், எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புப் படையை 110 இல் அழையுங்கள். புகை தானாக நின்றுபோனாலும் மெயினைத் திரும்பப் போட வேண்டாம். பலகைச் சுவர், பலகைக் கூரை உள்ள வீடுகளில் உள்ளே கனல் நெடுநேரம் கிடக்கும். எலெக்றீசியன் வந்து அந்தப் பொயின்றைத் திறந்து, வயரை வெட்டிப் பிரித்து, பின்னால் உள்ள பலகையையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே மின்சாரம் திரும்பலாம்.

இப்படிக்கு,
மின்னிணைப்பு வேலை தெரிந்த வாசகர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.